தலைமடைக்காரர்கள்

காலையில் பேப்பர் வந்தால் நாஞ்சில் நாட்டுக்காரன் சினிமாப் பக்கத்துக்கு முன்னால் பார்ப்பது அணை நிலவரம். பேச்சிப்பாறையில் 48 அடிக்கு எவ்வளவு நிற்கிறது, பெருஞ்சாணியில் 77-க்கு எவ்வளவு, சிற்றாறு ஒன்றிலும் இரண்டிலும் பதினெட்டுக்கு எத்தனை. ஆரல்வாய்மொழிக்காரர்கள் கண்ணை இன்னும் கீழே ஓட்டி எங்கள் பொய்கை அணைக்கு வருவோம். முழுக் கொள்ளளவு 42.65 அடி. நிறைந்தது என்று செய்தி வருவதே அபூர்வம். வயல் இருக்கிறதோ இல்லையோ, இந்த எண்களைப் பார்க்காமல் காப்பி இறங்காது.

ஜூன் 1-ல் மடை திறப்பு. கன்னிப்பூ, பிறகு கும்பப்பூ, பிப்ரவரி கடைசியில் அடைப்பு. புத்தன் அணை, பாண்டியன் கால், தோவாளைக் கால்வாய், அதிலிருந்து ராதாபுரம் கால்வாய் என்று தண்ணீர் கிழக்கே வருகிற வழியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் பெரியவர்களே திணறுகிறார்கள்.

இருப்பவர்கள் காணிக்காரர்கள். தச்சமலை, தோட்டமலை, மோதிரமலை, குற்றியாறு, களப்பாறை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். சிலவற்றுக்குப் பள்ளிக்கூடம் போகவும் ஆஸ்பத்திரி போகவும் அணைத் தண்ணீரின் மேல் படகில்தான் வரவேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18.70 லட்சம், அதில் பழங்குடியினர் 7,282 பேர். ஓட்டுக் கணக்குப் போடுகிறவன் இந்த எண்ணைப் பார்த்தால் ஜீப்பைத் திருப்பிவிடுவான்.

*

பேச்சிப்பாறை அணை வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய என்ஜினீயர் அலெக்சாண்டர் மிஞ்சின், ஊர்வாயில் மூக்கன் துரை. அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விவசாயிகள் போய் மாலை போடுகிறார்கள். போட வேண்டியதுதான், அவர் கட்டிய அணையில்தான் இரண்டு பூவும் விளைகிறது.

ஆனால் தண்ணீர் ஏறிய காடு ஆளில்லாத காடாக இருக்கவில்லை. காணிகள் தினை விதைத்த, தேன் எடுத்த, இறந்தவர்களைப் புதைத்த காடு அது. அவர்களுக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

அணைக்குப் பிறகு ரப்பர். வனத்துறை நட்டு வளர்த்த தோட்டங்கள் 1984-ல் அரசு ரப்பர் கழகத்துக்குப் போயின. காட்டை வெட்டி ரப்பர் நட்ட அரசாங்கத்தின் பெயர் கழகம். அதே காட்டில் நாலு மூடு மரச்சீனி நட்டவன் பெயர் ஆக்கிரமிப்பாளன். பல ஆண்டுகளாக ஃபைல்களில் இப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள்.

*

2006-ல் நாடாளுமன்றம் ஒரு காரியம் செய்தது. வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே, காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அரசாங்கம் தன் வாயால் இப்படிச் சொல்வது அபூர்வம். ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று பூர்வகுடிகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதை உலகமே பேசியது. நம் நாடாளுமன்றம் அதற்கு ஒரு வருடம் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டதைப் பற்றி நம் ஊர் டீக்கடையில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. சட்ட முகவுரையை யார் படிக்கிறார்கள்.

சட்டம் சொல்வது சுருக்கமாக: 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் இருக்கும் நிலம், குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. தனி நிலத்துக்கு அப்பால் ஊருக்குப் பொதுவாகத் தேன், கிழங்கு, ஈறல் போன்ற சிறுவனப் பொருள்களின் மேலும், காட்டைக் காத்துப் பராமரிப்பதிலும் உரிமை. உரிமை கோரிய மனு மீது முடிவு வரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

*

இதை நான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் சொன்னபோது ஒருவர் கேட்டார்:

“விக்கப்பிடாதுன்னா அது என்ன பட்டா வே? நாக்கு வழிக்கதுக்கா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி எழுந்தபோது, ஆடு மேய்க்கக்கூட ஆகாதென்று கிடந்த பொட்டலுக்கும் புரோக்கர் முளைத்ததைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நிலம் என்றால் கிரயம், வில்லங்கச் சான்று, ஏக்கருக்கு என்ன ரேட்டு. விற்றவர்களில் சிலர் வீடு கட்டினார்கள், சிலர் மகளைக் கட்டிக்கொடுத்தார்கள், சிலர் இப்போது அதே காற்றாடியின் அடியில் வாட்ச்மேன்.

விற்க முடியாமை என்பதைக் காணிகள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் குறை வேறு. வயதான ரப்பரை வெட்டி மறுநடவு செய்ய யாரிடம் போய் நிற்க வேண்டும்? வங்கிக்காரன் இந்தப் பட்டாவை நீட்டினால் கடன் கொடுப்பானா? சர்வே எண் இல்லாமல் வரைபடம் எப்படி? இதற்கெல்லாம் தாலுகா ஆபீசில் ஒரு பதில், ரேஞ்ச் ஆபீசில் ஒரு பதில்.

*

சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் விதி 13. எதெல்லாம் சாட்சி என்று பட்டியல் போடுகிறது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, இவை நமக்குத் தெரிந்தவை. அதற்குமேல் கிணறு, வரப்பு, சுடுகாடு, கும்பிடுகிற இடம். கடைசியில், மனு போட்டவரைத் தவிர்த்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாய்மொழி வாக்குமூலம், எழுத்தில். இவற்றில் இரண்டு இருந்தால் போதும். நூறு வருடமாக ஆபீசில் வாயடைத்து நின்ற பாட்டாவின் பேச்சைச் சட்டம் ஆவணம் என்கிறது.

மனு எழுதுகிற காட்சியை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். காலேஜ் முடித்த காணிப் பையன் ஒருவன் திண்ணையில் சம்மணம் போட்டு எழுதுகிறான். எதிரே பாட்டா. சைக்கிள் டியூப் மாதிரிச் சுருங்கிய கை, கட்டைவிரலில் ஏற்கெனவே மை. “பாட்டா, அந்த அயனி மூடு ஆரு நட்டது?” “அம்மாவன்.” பையன் பேனாவை நிறுத்திவிட்டான். படிவத்தில் தகப்பன் பெயர், தாய் பெயர் என்று கட்டம் இருக்கிறது; தாய்மாமனுக்குக் கட்டம் இல்லை. மருமகனுக்குச் சொத்து இறங்குகிற வழக்கம் காணிகளிடமும் இருந்தது. கடைசியில் வாக்குமூலத் தாளில் அம்மாவனுக்கு இடம் கிடைத்தது. மரத்தின் சுற்றளவைக் கயிறு போட்டு அளந்து அதையும் எழுதினார்கள்.

(இடையில் ஒன்று. நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் அப்போது மருமக்கள் வழிதான். கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதிக் கேலி செய்தார், கூட்டம் கூட்டினார்கள், மனு மேல் மனு போட்டார்கள், 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்தது. நிலத்துக்காக மனு எழுதி, விடாமல் நடந்து, சட்டத்தை மாற்றிய அனுபவம் கீழே வயல்காட்டில் நிறையவே உண்டு. மேலே மலையில் இருப்பவர்கள் அதையே செய்தால் மட்டும் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்கிறோம்.)

*

எல்லை அளக்கும் வேலை இப்போது செல்போனில் நடக்கிறது. ஜி.பி.எஸ். போட்டுக்கொண்டு வேலியோரமாக நடந்தால் கோடு விழுகிறது. மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பு, யானைக்குக் காது, போனுக்கு பாலிதீன் கவர்.

*

காணிக் குடியிருப்பில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. மூட்டுக்காணி தலைவர். விளிக்காணி ஊரைக் கூட்டச் சொல்லி வருகிறவர். பிலாத்தி மருந்தும் மந்திரமும் பார்ப்பவர். ராத்திரி முழுக்கக் கொக்கரையை உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுவார். வழக்கு வந்தால் குடி முழுவதும் உட்கார்ந்து பேசி முடிக்கும்.

வன உரிமைச் சட்டத்துக்கும் அடிப்படை கிராம சபைதான். மனுவைப் பெறுவதும் சரிபார்ப்பதும் அதன் வன உரிமைக் குழு. 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதற்குமேல் ஆர்.டி.ஓ. தலைமையில் கோட்டக் குழு, கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு.

சிக்கல் எங்கே என்றால், நமக்கு கிராம சபை என்பது பஞ்சாயத்து அளவில் கூடுவது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் 1996-ல் வந்த பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே பொருந்தாது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் காணிகள் ஓரமாகத்தான் நிற்பார்கள். ரோடு, தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று பேசி முடிக்கும்போது படகுக்கு நேரமாகிவிடும். 2012-ல் விதிகளைத் திருத்தியபோது குக்கிராமம், குடியிருப்பு அளவில் கிராம சபை கூட்ட வழி சொன்னார்கள். சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்தால் போதும் என்று கோரமும் குறைந்தது. குடியிருப்பில் கூட்டம் நடக்க வேண்டும் என்பதுதான் இங்கே பிரசாரத்தின் பாதி. கோஷம் போடுகிற வேலையைவிட வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற வேலை பெரிது. பெண்கள் பால்வெட்டு முடித்து, ஷீட் அடித்து, சோறு வைத்து வந்தால்தான் கோரம் நிறையும். அதனால் கூட்டம் மத்தியானம் ரெண்டு மணிக்கு. காலை பத்து மணிக்கு நோட்டீஸ் ஒட்டுகிற அதிகாரிக்கு இது தெரிவதில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

*

2008-ஐ மட்டும் தனியாக எழுதி வைக்க வேண்டும். ஜனவரி தொடக்கத்தில் வன உரிமை விதிகள் அமலுக்கு வந்தன. பிப்ரவரியில் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 402 சதுர கிலோமீட்டர். ஏப்ரல் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம், மனுக்களைச் சரிபார்க்கலாம், ஆனால் தன் அனுமதி இல்லாமல் பட்டா வழங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்த முடிச்சு அவிழ 2016-ல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. எட்டு வருடம். ஒடிசாவிலும் மகாராஷ்டிரத்திலும் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தபோது நம் பக்கத்து மனுக்கள் அலமாரியில் இருந்தன. வாக்குமூலம் கொடுத்த பாட்டாக்களில் எத்தனை பேர் அதற்குள் போய்ச் சேர்ந்தார்களோ.

2019 பிப்ரவரி 13-ல் இன்னொரு அடி. மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவு. நாடு முழுக்கக் கூச்சல். பிப்ரவரி 28-ல் அதே நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரம் மலையில் பலர் தூங்கியிருக்க மாட்டார்கள்.

*

ஜெயித்த கதை ஒன்று, ஆனைமலையிலிருந்து. வால்பாறைப் பக்கம் கல்லார் குடியில் காடர்கள். 2019 ஆகஸ்ட் மழையில் மண்சரிந்து குடிசைகள் போயின. பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் தங்கள் காட்டுக்குள் குடிசை போட்டார்கள், வனத்துறை பிரித்துவிட்டது. எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். காடர்கள் விடவில்லை. முன்னால் நின்றவர்கள் பெண்கள். மனு, கூட்டம், 2021 காந்தி ஜெயந்தியன்று போராட்டம். அந்த ஆண்டிலேயே தெப்பக்குளமேட்டில் வன உரிமைச் சட்டப்படி பட்டா கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே. அங்கே முடியுமென்றால் பேச்சிப்பாறையில் முடியாது என்று சொல்ல எவருக்கும் வாய் இல்லை.

ஒடிசாவின் நியமகிரி எல்லோருக்கும் தெரிந்தது. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேள் என்றது. 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று பன்னிரண்டும் சொல்லிவிட்டன. வேதாந்தா கம்பெனி எவ்வளவு பெரிது, டோங்ரியா கோந்துகளின் குடி எவ்வளவு சின்னது. அந்தத் தீர்மானத்துக்கும் அடியில் இருந்தது கைநாட்டும் கையெழுத்தும்தான்.

*

ஆரோக்கியப்பச்சை என்று ஒரு செடி. 1987-ல் அகத்திய மலையில் ஆராய்ச்சியாளர்கள் மூச்சு வாங்கியபோது, கூட வந்த காணிகள் ஏதோ காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். பாலோடு தாவரவியல் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து செய்தது. கோயம்புத்தூர்க் கம்பெனியிடமிருந்து வந்த உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை. அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமெங்கும் மாநாடுகளில் பேசினார்கள். ஆனால் அந்தச் செடி முளைக்கிற காட்டில் அதைப் பறிக்கவும் வளர்க்கவும் வனத்துறையிடம் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. செடியைப் பற்றிய அறிவுக்குக் காசு வந்தது, மண்ணுக்கு ஒன்றும் வரவில்லை.

*

எட்டு வீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது இளைஞன் மார்த்தாண்ட வர்மாவைத் தங்கள் முன்னோர் மலையில் ஒளித்து வைத்தார்கள், அவர் மகாராஜா ஆனதும் வரியில்லாமல் காடு கொடுத்தார் என்று காணிகள் சொல்கிறார்கள். கேரளப் பக்கத்துக் காணிகள் இன்றும் ஓணத்துக்குத் தேனும் கிழங்கும் சுமந்துகொண்டு கவடியார் அரண்மனைக்குப் போகிறார்கள். மகாராஜா கொடுத்ததை மகாராஜா குடும்பத்திடமே வருடாவருடம் நினைவுபடுத்துகிற ஏற்பாடாக எனக்குப் படுகிறது. விதி 13 இருக்கும்போது இதையும் வாக்குமூலமாக எழுதலாம்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நமக்குக் கொண்டாட்டம். ஒரே மலையில் ஒரே சாதிசனத்துக்குள் கொண்டு கொடுத்து வாழ்ந்த காணிகளுக்கு நடுவில் மாநில எல்லை விழுந்தது. பழங்குடிப் பட்டியலிலும் காணிக்காரருக்கு மாவட்டமும் தாலுகாவும் குறித்துத்தான் இடம்.

*

இழந்தவர்களுக்காக மற்றவர்கள் கை கொடுத்த கதை ஒன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து. 1997 அக்டோபரில், கான்பெரா நாடாளுமன்றத்தின் முன் புல்வெளியில் பல்லாயிரம் பிளாஸ்டிக் கைகளை நட்டு வைத்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கையெழுத்து. போட்டவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடி அல்லாதவர்கள். பூர்வகுடிகளின் நிலவுரிமையைச் சுருக்குகிற சட்டத்திருத்தம் எங்கள் பெயரில் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த கை. திருத்தம் 1998-ல் நிறைவேறிவிட்டது என்பது வேறு விஷயம். 2000 மே 28-ல் சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். அப்படி நடந்த நாட்டிலேயே 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பில், நாடாளுமன்றத்திடம் கருத்துச் சொல்லப் பூர்வகுடிகளுக்கு ஒரு குரல் வேண்டுமா என்று கேட்டதற்கு நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். ஊர்வலத்தில் நடப்பது சுலபம்.

ஆனாலும் அந்தக் கைகளில் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இங்கே காட்டை எடுத்தவன் பக்கத்திலிருந்து எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள்? பேச்சிப்பாறைத் தண்ணீரில் சாகுபடி செய்கிற பாசனச் சங்கங்கள் எத்தனை இருக்கின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்யத் தெரிந்தவர்கள். காணிகளின் மனுவை விரைந்து முடி என்று அதில் ஒரு சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் கலெக்டர் ஆபீசில் அதற்கு வேறு மரியாதை இருக்கும். 7,282 பேரின் மனுவும் பாசனக்காரர்களின் மனுவும் ஒரே தபால்பெட்டியில் விழுந்தாலும் ஒரே வேகத்தில் திறக்கப்படுவதில்லை.

*

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி நாள் நம் மாவட்டத்துக்கு இணைப்பு நாள், விடுமுறையும்கூட.

தோவாளை தாலுகாவில் ரிட்டயர் ஆன சர்வேயர்கள், வி.ஏ.ஓ.க்கள், தலைமை எழுத்தர்கள் எத்தனையோ பேர் காலையில் பேப்பரில் அணை நிலவரம் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். படிவம் நிரப்பவும், வரைபடம் போடவும், நிராகரித்த மனுவுக்குக் காரணம் கேட்டு 60 நாளுக்குள் மேல்முறையீடு எழுதவும் இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு பஸ்ஸில் போய்விடலாம். அங்கிருந்து படகு உண்டு. கண்ணாடியும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு, குடியிருப்புக்காரர்கள் கூப்பிடுகிற நாளில், மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள்.